கையைத் தளர உடுங்க அம்மணி

வளையல்காரனுக்குக் கைமுதல் என்பது பெட்டிக்குள் இருக்கும் கண்ணாடி வளையல் அல்ல. முன்பின் தெரியாத வீட்டுப் பெண் தயங்காமல் அவனிடம் கையை நீட்டுகிறாளே, அந்தப் பேர்தான் முதல். என் அப்பா நாற்பது வருஷம் சேர்த்து வைத்த பேரை நான் மூன்றே வருஷத்தில் கரைத்தேன். குடித்துக் கரைத்தேன், சூதாடிக் கரைத்தேன் என்றால்கூட ஊரில் ஒரு மரியாதை இருந்திருக்கும். நான் கரைத்தது கழுத்தில் இருந்த ஒரு சுரப்பியால். அது பேய் மாதிரி வேலை செய்தது, நான் கெட்டேன்.

காரணம் தெரியாமல் இளைத்தவர்களே, கை நடுங்க நடுங்கத் தொழிலுக்குப் போனவர்களே, நெஞ்சு அடித்துக்கொள்வது எதிரில் இருப்பவர் காதில் விழுமோ என்று பயந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துச் சிரித்துக்கொள்ளட்டும். உங்களுக்குப் பாதியிலேயே சிரிப்பு நின்றுவிடும், எனக்குத் தெரியும்.

நாலாவது உருண்டை

நீலகிரிப் பைக்காராவிலிருந்து கரண்டு வந்து கோயமுத்தூரைச் சுற்றி மில்லுச் சங்குகள் ஊத ஆரம்பித்திருந்த காலம். பக்கத்துக் கணபதி கிராமம் அப்போதும் சோளக்காடும் பருத்திக்காடுமாகத்தான் இருந்தது. அங்கே ஒரு கவுண்டர் வீட்டில் வருஷத்துக்கு நாலு முறை எல்லாப் பெண்களுக்கும் நான்தான் வளையல் போடுவேன். போட்டு முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிடும். சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் வீட்டில் பழையது சாப்பிட்டேன். வழியில் காப்பிக் கிளப்பில் எட்டு இட்லி. கணபதி போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் வயிறு பற்றி எரிந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா கம்பஞ்சோற்று உருண்டையை மோரில் கரைத்து, தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல் வைத்தார். ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. நான் வெட்கமில்லாமல் சட்டியை எட்டிப் பார்த்தேன். நாலாவது உருண்டை பண்ணையாளுக்கு எடுத்து வைத்தது. அதையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

தின்றது போதாதென்று, எழுந்திருக்க முடியவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தவனுக்குத் தொடை இரண்டும் துவண்டுபோயிற்று. தூணைப் பிடித்து, பெட்டியைப் பிடித்து, கடைசியில் அந்த அம்மாவே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். போன வருஷம் இடுப்பில் நின்ற வேட்டியை இப்போது இரண்டு சுற்று அதிகம் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தேன்.

"தின்ன சோறெல்லாம் எங்கீங்க போகுது செட்டியாரே? வெளிய பாக்கறவங்க நாங்க பட்டினி போட்டு அனுப்பிச்சோம்னு அல்ல நெனைப்பாங்க!"

திருநீறு

வளையல் போடுவதில் ரகசியம் ஒன்றுமில்லை. கட்டை விரலின் சதையை உள்பக்கமாக மடக்கி, ஐந்து விரலையும் ஒன்றாகக் குவித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே தள்ளு. இறுகின கைக்குச் சோப்புத் தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே அப்பா சொல்லிக்கொடுத்த ஒரு வாசகம் உண்டு. "கையைத் தளர உடுங்க அம்மணி." கை இறுகினால் கண்ணாடி உடையும், தளர்ந்தால் உடையாது. ஆகவே வளையல் உடைந்தால் குற்றம் யார் மேல் என்று கேட்டால், இறுக்கின கையின் மேல் என்பதுதான் எங்கள் தொழிலில் காலம் காலமாக இருந்துவரும் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

எனக்கு மார்கழியிலும் உள்ளங்கை வேர்த்து ஊற்றியது. மில்லில் வேலை முடிந்து வரும் பெண்கள் வாசலில் உட்கார்ந்து கை நீட்டுவார்கள். போட்டு முடித்ததும் ஒவ்வொருத்தியும் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "சோப்பு எதுக்கு? இவரு கையே ஒழுகுது" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். உள்ளங்கை நிறையத் திருநீற்றை அப்பிக்கொண்டு போனேன். வேர்வை நின்றது என்னவோ வாஸ்தவம். ஆனால் என்னிடம் வளையல் போட்டுக்கொண்ட பதினைந்து பெண்களும் மணிக்கட்டில் என் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருக்க வீடு போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வாரம் அதில் ஒருத்தியின் மாமியார் என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"ஏனுங்க செட்டியாரே, நீங்க வளையல் போட வாரீங்களா, இல்ல மந்திரிக்க வாரீங்களா?"

மணிக்கட்டுக்கு மேலே

இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வளையல்காரன் பார்வை மணிக்கட்டுக்கு மேலே போகக்கூடாது. இருபது வருஷத்தில் நான் அதைத் தாண்டினதில்லை. முகம் தெரியாத பெண்களைக்கூடக் கையைப் பார்த்து யார் வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவேன்.

உடுமலைப்பேட்டையில் சந்தை நாள். தேங்காய் வியாபாரி ஒருவர் வீட்டில் புது மருமகளுக்கு வளையல் போட உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பச்சை வளையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள். முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

பெண்கள் பார்த்துக்கொள்வதற்காகப் பெட்டி மூடியில் ஒரு கண்ணாடி பதித்திருந்தேன். அதில் என் முகத்தைப் பார்த்தேன். மேல் இமை ஏறிப்போய், கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிய, இரண்டு கண்ணும் பிதுங்கி வெளியே நின்றன. எதைப் பார்த்தாலும் விழுங்குகிற பார்வை. எப்போதிலிருந்து இப்படி இருக்கிறேன், எத்தனை வீட்டில் இப்படி உட்கார்ந்தேன் என்று நினைத்ததும் உடம்பு கூசிப்போயிற்று. "இமை இறங்க மாட்டேன் என்கிறது, நான் யோக்கியன்" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டு எஜமானர் வந்தார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. சொம்பு நிறைய மோர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, வெளிவாசல்வரை கூடவே நடந்து வந்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. இனிமேட்டு எங்கூட்டுக்கு உங்க சம்சாரத்தை அனுப்பி வையுங்க. நீங்க எதுக்குங்க வெயில்ல அலைஞ்சுக்கிட்டு?"

பூவாத்தாளின் கை

இனிமேல் வருவதுதான் நான் சொல்ல வந்தது. இதுவரை சொன்னதெல்லாம் உடம்பு செய்தது. இது நான் செய்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பெரிய தோட்டத்துக்காரர் வீடு. அவர்கள் மருமகள் பூவாத்தாளுக்கு ஏழாம் மாதக் கட்டுச்சோற்று விருந்து. பிறந்த வீட்டார் சோறு கட்டிக்கொண்டு வந்து, பெண்ணுக்கு வளையல் போட்டு, பிரசவத்துக்கு அழைத்துப் போகும் சடங்கு. அவள் கல்யாணத்துக்கும் வளையல் போட்டவன் நான்தான். உடுமலைப்பேட்டைச் சங்கதி இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வீடும் கைவிட்டுப் போனால் சுற்றுவட்டாரமே போய்விடும் என்ற பயத்தில், நடுங்குகிற கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனேன்.

ஆசாரம் என்று சொல்லும் முன்கூடம் நிறையப் பெண்கள். முதலில் வேப்பங்குச்சிக் காப்பு. பிறகு நான். "கையைத் தளர உடுங்க அம்மணி" என்றேன். அவள் விட்டாள். தூங்குகிற குழந்தையின் கை மாதிரி என் கைக்குள் விட்டுவிட்டாள். இரண்டு வளையல் போயிற்று. மூன்றாவது கட்டை விரல் முட்டியைத் தாண்டும்போது என் விரல்கள் துள்ளின. கண்ணாடி நொறுங்கி மணிக்கட்டில் இறங்கிற்று. மஞ்சள் புடவையில் ரத்தம் சொட்டியது.

எல்லோரும் என்னையும் பார்த்தார்கள், அவளையும் பார்த்தார்கள். சுபகாரியத்தில் வளையல் உடைந்து ரத்தம் வந்தால் யாராவது ஒருவர் காரணமாக இருந்தாக வேண்டும். என் கைதான் என்று எனக்குத் தெரியும். சந்தேகம் கொஞ்சமும் கிடையாது. அப்படித் தெரிந்தும் என் வாய், "கையை இறுக்கிப்போட்டீங்களே அம்மணி" என்றது.

பூவாத்தாள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் குனிந்துகொண்டாள். அவள் மாமியார்தான் பேசினார்.

"நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பண்ணிப்போட்டாளே! உன்ர முறுக்கை இன்னைக்கு ஒரு நாளைக்கு உட முடியலையா?"

விரல் மேலே காகிதம்

அதற்கப்புறம் நான் அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. ஆனால் செய்தி என்னைத் தேடி வந்தது. பூவாத்தாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் சகுனம் கெடுத்தவள் என்று சொல்லி மாமியார் அவளை அழைத்துவர ஆளே அனுப்பவில்லை. மூன்றாம் மாதம் வர வேண்டியவள் ஐந்து மாதம் ஆகியும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். இதைச் சந்தையில் ஒரு பெண் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே என்னிடம் கையை நீட்டினாள். பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாட்டு வைத்தியர் உடம்புச் சூடு என்றார். விளக்கெண்ணெய் கொடுத்தார், வெந்தயம் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கோழி அறுக்கச் சொன்னார். எதற்கும் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை. கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம் வேறு வந்துவிட்டது. கடைசியில் என் மனைவி ரங்கம்மாள், நான் கத்தின கத்தலையும் எறிந்த சொம்பையும் பொருட்படுத்தாமல், வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் நாடியைப் பிடித்தார், கழுத்தைத் தடவினார், எச்சில் விழுங்கச் சொன்னார். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். ஜன்னல் மூடியிருந்தது, காற்று இல்லை. காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டது. தைராய்டு என்று கழுத்தில் ஒரு சுரப்பி, அது அளவுக்கு மீறிச் சுரப்பதால் வந்த வினை, பசி, வேர்வை, கண், கோபம் எல்லாம் அதுதான், குணமாகும் என்றார். எனக்கு அழுகை வந்தது. வியாதிதானா என்ற சந்தோஷத்தில் பாதி. குற்றம் என் கை மேல்தான் என்று காகிதம் சாட்சி சொல்லிவிட்டதே என்று மீதி.

"என்ன தொழில்?" என்று கேட்டார். சொன்னேன். காகிதத்தை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா பொம்பளைங்களுக்குக் கண்ணாடி வளையல் போட்டீங்க?"

நர்ஸம்மா

பாலில் அயோடின் சொட்டுக் கலந்து வேளைக்கு வேளை கொடுத்தார்கள். இரண்டு வாரம் படுக்கையை விட்டு இறங்கக்கூடாது. வாயில் இரும்பைச் சப்பின ருசி. அப்புறம் ஆபரேஷன்.

காலையும் மாலையும் பாலக்காட்டுப் பக்கத்து நர்ஸம்மா ஒருத்தர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவார். வாழ்நாள் முழுக்க அன்னியப் பெண்கள் கையைப் பிடித்துப் பிழைத்தவன், ஒரு அன்னியப் பெண் என் கையைப் பிடித்ததும் கூசிக் குறுகினேன். வேர்க்கிற கை, நடுங்குகிற கை. அவருக்கு அருவருப்பாக இருக்குமே என்று இழுத்துக்கொண்டேன். அப்போதுதான், தொழிலுக்கு வந்து இத்தனை வருஷம் கழித்து, கையை நீட்டுகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் விடவில்லை. துண்டால் என் உள்ளங்கையைத் துடைத்து, மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

"கையைத் தளர விடணும் கேட்டோ. பிடிச்சிருக்கிறது நான்தானே, விழாது."

கழுத்தில் ஒரு கோடு

ஆபரேஷன் ஆயிற்று, பிழைத்தேன். உடம்பு தேறிற்று. வேட்டி பழைய இடத்தில் நின்றது. கண் முழுவதும் உள்ளே போகவில்லை, ஆனால் இமை இறங்கிற்று. நாலு இட்லியோடு எழுந்திருக்கக் கற்றுக்கொண்டேன். மிச்சம் இருந்தது கழுத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தழும்பு.

கை மட்டும் உடனே நம்பிக்கைக்கு வரவில்லை. ரங்கம்மாள் தினமும் காலையில் என் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டுவாள். ஒரு டஜன் போடுவேன், கழற்றுவேன், மறுபடியும் போடுவேன். முதல் வாரம் மூன்று உடைந்தன. ஒவ்வொரு தடவை உடைந்தபோதும் அவள் சட்டென்று, "நான்தானுங்க இறுக்கிப்போட்டேன்" என்றாள். பூவாத்தாள் விஷயம் அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அவள் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டைத் தழும்பு எரிந்தது. ஒரு மாதம் கழித்து ஒன்றும் உடையவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கணபதிக்குப் போனேன். நான் வராத மாதங்களில் அங்கே ஒரு கதை கிளம்பியிருந்தது: ஏதோ அவமானம் தாங்காமல் செட்டியார் கழுத்தை அறுத்துக்கொண்டாராம். இல்லை என்று நான் விளக்க விளக்க, கவுண்டர் வீட்டுப் பெரியம்மா இரக்கத்தோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார். கம்பஞ்சோறு கரைத்துக் கொடுத்தார். நான் ஒரு உருண்டையோடு நிறுத்தியதைப் பார்த்ததும் கதை அவருக்கு உறுதியாகிவிட்டது.

"உட்டுத் தள்ளுங்க செட்டியாரே, மானஸ்தனுக்குத்தானுங்க அந்த நெனைப்பு வரும்."

திரும்பவும் அந்த ஆசாரம்

மானஸ்தன் என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. நாலாம் நாள் பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் ஏறினேன்.

பூவாத்தாள் புருஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஐந்து மாதம் கழித்து அவள் புருஷனே போய் அழைத்து வந்தானாம். ஆசாரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மாமியாரையும் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து நின்றதும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அன்னைக்கு அம்மணி கையை இறுக்கலீங்க. என்ர கைதான் நடுங்குச்சு. எனக்கு வியாதி. தெரிஞ்சேதான் பழியை அவங்க மேல போட்டுப்போட்டேன்."

திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாமியார் என் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மருமகளைப் பார்க்கவில்லை. "அது ஆச்சுங்க, எந்தக் காலத்துக் கதை" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று கட்டுத்தரைப் பக்கம் போய்விட்டார். இரண்டு வருஷம் நெஞ்சில் சுமந்து வந்ததை இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றேன்.

பூவாத்தாள் எதிரில் உட்கார்ந்தாள். முதலில் குழந்தையின் கையை நீட்டினாள். சின்னக் கருவளையல் இரண்டு போட்டேன். பிறகு அவள் தன் கையை நீட்டினாள். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு தழும்பு, என் கழுத்தில் இருப்பதன் குட்டி மாதிரி. வழக்கமான வாசகத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தானாகவே கையைத் தளர விட்டாள், அன்றைக்கு விட்ட மாதிரியே. ஒரு டஜன் பச்சை வளையல், ஒன்றுகூட உடையவில்லை. கடைசி வளையல் போனதும், கட்டுத்தரைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. கையைக் குடுத்தவளுக்கு நடுக்கந் தெரியாதுங்களா? எனக்கென்னுங்க, அஞ்சு மாசம் எங்காத்தா ஊட்டுல இருந்தேன். நான் வாயைத் தொறந்திருந்தா உங்களுக்குப் பொழப்பே போயிருக்குமல்லங்க?"

பத்து ஊர்ப் பெண்களின் கையைப் பிடித்ததுமே அளவு சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டிருந்த எனக்கு, அத்தனை நாளும் அவர்கள் என் கையைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள் என்று புரிவதற்குக் கழுத்தை அறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.